‘புயலிலே ஒரு தோணி’யைக் கூட்டாகப் படிப்பது: முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சுமத்ராவிலும் மலாயாவிலும் பிழைத்த தமிழர்களைப் பற்றிய நாவல் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. அதை ஆசையோடு கையில் எடுத்து, நாற்பது ஐம்பது பக்கங்களில் மூடி வைத்தவர்களைப் பாளையங்கோட்டைப் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசிப்பு வட்டங்களிலும் இதே கதைதான். முதல் கூட்டத்தில் இருபது பேர், மூன்றாம் கூட்டத்தில் ஐந்து பேர். நாவல் கடினமானது என்பதல்ல காரணம். வரிசை தவறுகிறது. மற்ற நாவல்களைப்போல முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிக்கலாம் என்று நினைத்தால் இந்தப் புத்தகம் வாசகரை வெளியே நிறுத்திவிடும்.

கடல் கடந்து பிழைக்கப்போன மனிதர்களைப் பற்றிய எந்த நாவலிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார் யாரிடம் வேலை பார்க்கிறார்கள், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்? காதல், வீரம், ஊர் ஏக்கம் எல்லாம் அதற்குப் பின்புதான் புரியும். கீழே உள்ள படிகள் அந்தக் கேள்வியைச் சுற்றி அமைந்தவை. ஐந்து முதல் பன்னிரண்டு பேர் கொண்ட வட்டத்துக்கு இவை பொருந்தும். தனியாகப் படிப்பவரும் பின்பற்றலாம். ஐந்தாம் படியை மட்டும் வீட்டில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

நாவலின் பிரதி, முடிந்தால் எல்லோரிடமும் ஒரே பதிப்பு. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறுகிறது. பாதிக் கூட்டம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும். வேறு வேறு பதிப்புகள்தான் கிடைத்தன என்றால் அத்தியாயத் தலைப்பைச் சொல்லிப் பேசப் பழகுங்கள்.

புதுமைப்பித்தன் சிறுகதைத் தொகுப்பு ஒன்று. இரண்டு பெரிய சார்ட் தாள்கள். ஒரு ஸ்கேல், இரண்டு நிறப் பேனா. தென்கிழக்கு ஆசியா தெளிவாகத் தெரியும் பள்ளி அட்லஸ். கைப்பேசி வரைபடம் உதவாது. கைப்பேசி இன்றைய நாட்டு எல்லைகளைக் காட்டும். இந்த நாவலுக்குள் அந்த எல்லைகள் இல்லை.

1. முதலில் ‘துன்பக்கேணி’யைப் படியுங்கள்

நாவலுக்கு முன் ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். 1935இல் ‘மணிக்கொடி’ இதழில் வந்த புதுமைப்பித்தனின் நெடுங்கதை. வாசவன்பட்டி என்ற திருநெல்வேலிக் கிராமத்தில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. மருதியின் கணவன் வெள்ளையன் சிறைக்குப் போகிறான்; மருதி தோட்டத்துக்குப் போகிறாள்; அவள் மகள் வெள்ளைச்சி வரை கதை நீள்கிறது.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிங்காரத்தின் நாவல் ஊரைவிட்டுப் போன பிறகு தொடங்குகிறது. கப்பல் ஏறுவதற்கு முன் என்ன நடந்தது, ஏன் ஏறினார்கள் என்பதைப் புதுமைப்பித்தன்தான் காட்டுகிறார். அந்தப் பாதி மனத்தில் இருந்தால்தான் மறுபாதி நிற்கும்.

படிக்கும்போது சில நடைமுறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டத்துக்கு ஆள் திரட்டியவர் கங்காணி. அவர் ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். வழிச்செலவும் சாப்பாடும் அந்தக் கணக்கிலேயே ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே தொழிலாளி கடன்காரர். வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், அவர் கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது, கடன் ஒழியவில்லை.

இன்னொரு செய்தி நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமானது. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ரயில் பாதையில் தட்டப்பாறை ஸ்டேஷன் இருக்கிறதல்லவா, அங்கேதான் இலங்கைக்குப் போகும் கூலிகளைத் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம் ஒரு காலத்தில் இருந்தது. பிற்காலத்தில் மண்டபம் முகாம் வழியாகத்தான் எல்லோரும் போனார்கள். கதையைப் படித்துவிட்டு அந்த ரயிலில் ஒருமுறை போய் வந்தவர்கள் கூட்டத்தில் பேசும் தொனியே வேறு.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு: மருதியைப் பார்த்து இரக்கப்பட்டு நிறுத்திக்கொள்வது. கூட்டத்தில் “பாவம்” என்ற சொல் வந்தவுடன், அவள் யாருக்கு எவ்வளவு கடமைப்பட்டிருந்தாள், ஊரில் பண்ணையாரிடம் இருந்த பிடிக்கும் தோட்டத்தில் கங்காணியிடம் இருந்த பிடிக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். பேச்சு உடனே கனமாகும்.

2. கடலை நடுவில் வைத்து வரைபடம் போடுங்கள்

முதல் சார்ட் தாளில் மலாக்கா நீரிணையை நடுவில் வரையுங்கள். மேற்கே சுமத்ரா, அதில் மெடான் நகரம், அதன் துறைமுகம் பெலாவான். கிழக்கே பினாங்கு, தெற்கே சிங்கப்பூர். தாளின் இடது மூலையில் சிறிதாக நாகப்பட்டினமும் சென்னையும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஒரு கோடு: ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் ஆட்களை ஏற்றிப்போன வழி.

இப்போது நிறப் பேனாவை எடுங்கள். சுமத்ரா டச்சுக்காரர் கையில்; பினாங்கும் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் கையில். நாவலின் தமிழர்கள் இரண்டு வெவ்வேறு வெள்ளை ஆட்சிகளின் கீழ் பிழைக்கிறார்கள். இடையில் கிடப்பது குறுகலான நீரிணைதான்; ஆனால் சட்டம் வேறு, நாணயம் வேறு, தெருப்பெயரின் மொழிகூட வேறு. இதை நிறத்தில் பார்க்காதவர்கள், நாவலின் நாயகன் பாண்டியன் நீரிணையைக் கடக்கும்போது ஏதோ பக்கத்து ஊருக்குப் போகிறான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

“இந்தோனேசியா”, “மலேசியா” என்று தாளில் எழுத வேண்டாம். எழுதினால் பேச்சும் அப்படியே போகும்.

3. நாணயத்தைக் கொண்டு கால வரிசை போடுங்கள்

இரண்டாவது சார்ட் தாள் இதற்கு. தேதிகளை மட்டும் எழுதினால் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அன்று பாண்டியனின் பையில் எந்தப் பணம் செல்லுபடியாகியிருக்கும் என்று எழுதுங்கள்.

1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமாகிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்கிறது. மார்ச்சில் ஜப்பானியர் வட சுமத்ராவில் இறங்குகிறார்கள், மெடானும் விழுகிறது. நாவல் தொடங்குவது இந்த இடத்தில். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர இயக்கத்தின் தலைமையை ஏற்கிறார்; அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்திய அரசை அறிவிக்கிறார். 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரண். இரண்டே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, இந்தோனேசிய விடுதலை அறிவிப்பு.

எதிர் வரிசையில்: டச்சு கில்டர், மலாயா வெள்ளி (டாலர்), பிறகு ஜப்பானியர் அச்சடித்த ராணுவ நோட்டு. மலாயாவில் அந்தப் பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் வாழைமர நோட்டு என்றே பெயர். 1945 ஆகஸ்டில் அது வெறும் காகிதம். வட்டிக்கடையில் வேலை பார்க்கும் மனிதர்களின் கதை இது. கொடுத்த கடனும் வாங்கிய வட்டியும் ஒரே நாளில் காகிதமானால் அந்தத் தெருவில் என்ன நடக்கும் என்பதை யோசித்தபடி படித்தால் போர்ப் பகுதிகளுக்கு வேறு பொருள் வரும்.

போஸின் இந்திய தேசிய ராணுவ வரலாற்றை விரிவாகப் படித்துவிட்டு நாவலுக்கு வருகிறேன் என்று சிலர் போவார்கள். வேண்டாம். இந்தத் தாள் அளவு போதும். அதிகம் படித்தவர்கள் நாவலில் வரலாற்றைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

4. கடையின் படிகளை எழுதிக்கொள்ளுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகம் தவிர்க்கப்படுவதும் அதிகம் தேவைப்படுவதும் இதுதான். இதற்கு ஒரு முழுக் கூட்டத்தை ஒதுக்கத் தயங்காதீர்கள்.

கடல் கடந்த வட்டிக்கடையில் முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்து அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். கிட்டங்கி என்ற ஒரு நீண்ட கட்டடத்துக்குள் பல கடைகள். ஒவ்வொருவரும் தரையில் தங்கள் பெட்டிக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள். மேலாளுக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்து ஊருக்குப் போய், கணக்கு ஒப்படைத்து, கொஞ்ச காலம் இருந்து, மீண்டும் கப்பல்.

இதை எழுதி வைத்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகும். பாண்டியன் கூலி அல்ல. மருதியின் உலகத்திலிருந்து அவன் உலகம் வெகு தொலைவு. அவன் முதலாளியும் அல்ல. அவனுக்கு மேலே இருப்பவர்களும் அவனைப்போலவே சம்பளக்காரர்கள். அவர்களுக்கும் ஊரில் ஒரு முதலாளி, ஊரில் ஒரு குடும்பம். அந்த இடைநிலைதான் அவனை எல்லோரையும் பார்க்க வைக்கிறது. தோட்டக்காரத் துரை, சீன வணிகர், மலாய்க்காரர், தமிழ்க் கூலி, செட்டியார் கடை ஆட்கள் என்று எல்லாரும் கடன் வாங்கவோ கடன் கொடுக்கவோ அந்தத் தெருவுக்கு வந்தாக வேண்டும்.

புதிய பாத்திரம் வரும்போதெல்லாம் தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பெயர், யாரிடம் வேலை, எந்த நாணயத்தில் வருமானம், ஊருக்குக் கடிதம் எழுதுபவரா இல்லையா. கடைசிக் கட்டத்தைச் சிலர் வேண்டாம் என்பார்கள். விடாதீர்கள். கடிதம் எழுதுவதை நிறுத்தியவர்கள் யார் என்று பார்த்தாலே நாவலின் பாதி வெளிச்சமாகிவிடும்.

5. முதல் அத்தியாயங்களைச் சத்தமாகப் படியுங்கள்

நாற்பது பக்கங்களில் நின்றுபோகிறவர்கள் எல்லோரும் மௌனமாகப் படித்தவர்கள். சிங்காரத்தின் உரைநடை காதுக்கு எழுதப்பட்டது. பேச்சு யாருடையது என்று பல இடங்களில் அவர் சொல்வதில்லை. கூட்டத்தின் குரல்கள் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. கண்ணால் படித்தால் குழப்பம். வாயால் படித்தால் எந்தக் குரல் மாறுகிறது என்பது தானாகத் தெரியும்.

ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதைத் தெருவில் நின்று ஜனங்கள் பார்க்கும் தொடக்கப் பகுதியை மூன்று பேர் மாறி மாறிப் படியுங்கள். திருநெல்வேலித் தமிழில் படிக்கிறோமே என்று கூச்சம் வேண்டாம். ஒருவர் வர்ணனை, மற்ற இருவர் பேச்சு. ஒரு மணி நேரம் போதும். அடுத்த வாரம் எல்லோரும் வீட்டில் தனியாகப் படிக்கும்போது அந்தக் குரல்கள் கூடவே வரும்.

6. அந்நியச் சொற்களுக்காக நிற்க வேண்டாம்

மலாய், டச்சு, சீனம் எல்லாம் கலந்து வரும். அகராதியைத் தேடி ஓடாதீர்கள். பக்க ஓரத்தில் கோடு போட்டுவிட்டுப் போங்கள். மூன்றாவது முறை வரும்போது பெரும்பாலானவை இடத்தை வைத்தே புரிந்துவிடும். ஊரைவிட்டு வந்த பெட்டியடிப் பையனும் அந்தச் சொற்களை அப்படித்தான் கற்றுக்கொண்டிருப்பான்.

7. ஊர் நினைவு வரும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள்

பாண்டியனின் மனம் திடீரென்று சின்னமங்கலத்துக்கும் மதுரைத் தெருக்களுக்கும் போகும். முன்னறிவிப்பு இருக்காது. கதை எப்போது நகரும் என்று காத்திருக்கும் வாசகர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள். என் கருத்தில் நாவலின் ஆகச் சிறந்த பக்கங்கள் இவற்றில்தான் இருக்கின்றன.

செய்ய வேண்டியது எளிது. நினைவு தொடங்கும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி, முடியும் வரியில் ஒரு புள்ளி. புள்ளி போட்ட பிறகு, நினைவு தொடங்குவதற்குச் சற்று முன் அங்கே என்ன நடந்தது என்று திரும்பிப் பாருங்கள். ஊர் சும்மா நினைவுக்கு வருவதில்லை. ஏதோ ஒன்று இழுத்திருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொல்வதையே அந்த வாரக் கூட்டத்தின் வேலையாக வையுங்கள்.

8. கடற்பயணத்தை ஒரே மூச்சில்

தொங்கான் என்ற பாய்மரக் கலத்தில் நீரிணையைக் கடக்கும் பகுதியைப் பிரிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். பிரித்துப் படித்தால் புயல் வெறும் சாகசமாகிவிடும்.

9. விவாதப் பகுதிகளில் பக்கம் சேர வேண்டாம்

தமிழரின் பெருமையும் சிறுமையும் பற்றி நண்பர்கள் வாதாடும் பகுதிகள் வரும். சங்கப் பாடலும் சிலப்பதிகாரமும் அங்கதத்தோடு புரட்டப்படும். எங்கள் பக்கத்துக் கூட்டங்கள் அதிகம் சூடாவது இங்கேதான். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். இன்னொருவர் அந்த வரிகளை ஆசிரியரின் தீர்ப்பு என்று கொண்டாடுவார். இரண்டுமே தவறு.

பாண்டியன் சிங்காரம் அல்ல. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் மெடானுக்கு வேலைக்குப் போய், 1946இல் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தவர். நாவல் புத்தகமாக வந்தது 1972இல். பல ஆண்டுகள் தள்ளி நின்று அவர் அந்த இளைஞர்களைப் பேச வைக்கிறார். ஆகவே “ஆசிரியர் என்ன சொல்கிறார்” என்று கேட்காமல், “ஊரிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வாதம் ஏன் இவ்வளவு அவசியமாக இருக்கிறது” என்று கேளுங்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவர் வட்டத்தில் இருந்தால் அவரை முதலில் பேச விடுங்கள்.

10. சங்கடமான இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

‘துன்பக்கேணி’யில் சாதிப் பெயர்கள் அப்படியே வருகின்றன, சேரியின் பெயரும் வருகிறது. நம் மாவட்டத்தில் ஒரு பொது அறையில் அவற்றைச் சத்தமாகப் படிப்பது சின்ன விஷயமல்ல. முந்தின வாரமே சொல்லுங்கள்: அச்சில் இருப்பதை மாற்றாமல் படிப்போம், யாரும் சிரிக்கவோ திரும்பி ஒருவர் முகத்தைப் பார்க்கவோ கூடாது, படிக்க விரும்பாதவர் அந்தப் பக்கத்தைக் கை மாற்றிவிடலாம். சிங்காரத்தின் நாவலில் விலைமாதர் வரும் பகுதிகளுக்கும் இதே ஏற்பாடு. சொல்லாமல் விட்டால், அடுத்த வாரம் பெண்களில் பாதிப் பேரும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளும் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

11. வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், ஆனால் பொருளிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் படியை நாவலின் பாதியைத் தாண்டிய பிறகே செய்ய வேண்டும். முன்பே செய்தால் என்ன கேட்பது என்று தெரியாது. முடித்த பிறகு செய்தால் நாவலின் வார்த்தைகளைப் பெரியவர் வாயில் திணித்துவிடுவோம்.

கடையநல்லூர், தென்காசிப் பக்கம் பினாங்கும் சிங்கப்பூரும் போகாத குடும்பம் குறைவு. காயல்பட்டினம், உடன்குடிப் பக்கம் கொழும்பு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களும் இருக்கின்றன. எனவே கேட்க ஆள் கிடைப்பார்.

எங்கள் வட்டத்து மாணவி ஒருத்தி தன் ஆச்சியிடம், தாத்தா மலாயாவில் இருந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டாள். ஆச்சி, என்னத்தைச் சொல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் கேள்வியை மாற்றினாள்: தாத்தா வரும்போது என்ன கொண்டுவருவார்? ஆச்சி டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கோடாலித் தைலத்தின் காலிக் குப்பி, கட்டம் போட்ட ஒரு கைலி, பூப்போட்ட பீங்கான் தட்டு. தட்டு இரண்டு வந்ததாம். ஒன்று கொழுந்தனார் வீட்டுக்குப் போனது, ஏனென்றால் கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர் அவர். அந்தத் தட்டிலிருந்து கடன் வந்தது, கடனிலிருந்து அடகுவைத்த வயல் வந்தது, வயலிலிருந்து தாத்தா கடிதம் போடாமல் இருந்த காலம் வந்தது. மாணவி கேட்க நினைத்த எல்லாவற்றையும் ஆச்சியே சொல்லி முடித்தார்.

கேட்கும் வரிசை இதுதான்: கொண்டுவந்த பொருள், ஏறிய கப்பல், கடிதம் யார் பெயருக்கு வரும், பணம் யார் கைக்கு வரும். அதற்கு மேல் நீங்கள் கேட்க வேண்டாம். பழைய பாஸ்போர்ட்டோ தாள்களோ காட்டினால் அனுமதி இல்லாமல் கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். சொத்துத் தகராறு உள்ள வீடுகளில் கையில் நோட்டோடுகூடப் போகக் கூடாது. கேட்டுவிட்டு வந்து எழுதிக்கொள்ளுங்கள்.

12. முடித்த பிறகு ‘கடலுக்கு அப்பால்’

சிங்காரம் முதலில் எழுதிய நாவல் அது. அளவில் சிறியது, நேராகச் செல்வது. அதனால் பலர் அதிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். போருக்குப் பின் பினாங்கில் வட்டிக்கடை ஊழியன் செல்லையா, முதலாளி வயிரமுத்துப் பிள்ளை, அவர் மகள் மரகதம். முதலில் படித்தால் இது ஒரு காதல் கதையாகவே மனத்தில் தங்கிவிடும். பாண்டியனையும் அவன் தெருவையும் பார்த்த பிறகு படித்தால், பிள்ளை ஏன் அந்த முடிவை எடுக்கிறார் என்பது கடைக் கணக்கோடு சேர்ந்து புரியும்.

சுவரில் ஒட்டிய இரண்டு தாள்களையும் அதுவரை கிழிக்காதீர்கள். செல்லையாவின் பெயரையும் அதே நான்கு கட்டங்களில் எழுதிவிட்டு, முதல் கூட்டத்தை மரகதத்தின் வரிசையை நிரப்புவதில் தொடங்குங்கள்.